கிளி வைத்த கைப்பிடி

படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரில் யாருக்கும் வலிக்காத இடத்தில் அவர்களுக்கு மட்டும் வலிக்கும். எனக்கு உள்ளங்கையில் வலித்தது.

ஜெயமங்கலத்தில் எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எழுத்தோடு பழகியவர்கள் யாரும் இல்லை. அய்யா கைநாட்டு. அம்மா அதுவும் இல்லை. அவளிடம் யாரும் கட்டைவிரலைக்கூடக் கேட்டதில்லை. நான் பத்து வயதில் மதுரைக்குப் போய், விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரியைப் பயிற்சியும் முடித்து, பத்தொன்பது வயதில் ஒரு சான்றிதழோடு திரும்பினேன். அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று சுவரைப் பார்த்தால், வீட்டில் இருந்த ஒரே ஆணியில் மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. குழாயை இடம் மாற்ற அய்யா சம்மதிக்கவில்லை. “அவசரத்துக்குத் தேடணும்ல ஆத்தா” என்றார். சான்றிதழுக்கு அப்படி ஓர் அவசரம் வராது என்பது அவர் கருத்து. கடைசியில் இரண்டும் ஒரே ஆணியில் தொங்கின.

கைப்பிடி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ப் பெண்கள் எதையும் தலையில்தான் சுமப்பார்கள். தண்ணீர், புல், நெல், விறகு, கல்யாணச் சீர் எல்லாமே தலைக்குத்தான் போகும். கை வீசி நடப்பதற்கும் பேச்சில் ஆட்டுவதற்கும் உள்ளது. மதுரையில் எங்கள் தலைமையாசிரியை ஒரு துரைசானியம்மாள். அவர் விடுமுறைக்குப் போகும்போது படுக்கைச் சுருளைத் தோல் வாரால் கட்டி, அதை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு, மறுகையில் வாத்துத் தலைப் பிடி வைத்த குடையோடு நடந்து போவார். முதல் தடவை அதைப் பார்த்தபோதே எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. கல்வி என்பது சாமானைத் தலையிலிருந்து கைக்கு இறக்குவது. (இலக்கணம், கணிதம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.)

ஊருக்குத் திரும்பிய சில மாதங்களில், நான் போட்ட விண்ணப்பத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம், இன்றும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். அங்குள்ள வியாபாரிகள் கூடி ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். “மூன்று மாதம் கழித்துப் பள்ளி திறக்கும் திங்கட்கிழமை நேரில் வரவும். கமிட்டியார் பார்த்துத் திருப்தியடைந்தால் நியமனம். தாங்கள் மணமாகாத பெண்ணாயிருப்பதால் நடத்தை குறித்துக் கமிட்டியார் கவனமாயிருப்பர்” என்று எழுதியிருந்தது. அதை நான் அய்யாவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். நடத்தையைப் பற்றிய வரியை மட்டும் மூன்று முறையும் விட்டுவிட்டேன்.

அய்யாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இந்த வேலை கிடைத்தால் நான் போகலாம். கிடைக்காவிட்டால் ஆவணியில் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாமன் மகன் நல்லவர்தான். ஆனால் என்னோடு பேசும்போது பக்கத்தில் இருக்கும் மாட்டைப் பார்த்துத்தான் பேசுவார். மாடு பதில் சொல்லும்வரை காத்திருப்பார் என்றும் எனக்குத் தோன்றும்.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை நான் எப்படிப் போய் நிற்கிறேன் என்பது முக்கியம். தலையில் சுமையோடு போய் நின்றால் களையெடுக்க வந்த பெண் என்று நினைப்பார்கள். கையில் தொங்கும் படுக்கைச் சுருளோடு போய் நின்றால் ‘ஆசிரியை’ என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

மாட்டுச் சலங்கைப் பட்டை தைப்பவரிடம் இரண்டு தோல் வார்கள் வாங்கினேன். படுக்கையைச் சுருட்டி, இரண்டு இடத்தில் வாரைப் பூட்டி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாய்க்கால்வரை போய்த் திரும்பினேன். உள்ளங்கையில் இரண்டு சிவப்புக் கோடு விழுந்திருந்தது, நோட்டில் ஓரம் விட்டுக் கோடு போட்டதுபோல. வார் இரண்டையும் ஒரு பிடியில் சேர்த்தால்தான் சரிப்படும் என்று தெரிந்தது. ஒரு மூங்கில் துண்டில் கோத்தேன். மூங்கில் கைக்குள் உருண்டது. சுருள் திரும்பி என் முழங்காலை உதைத்தது. தென்னை மட்டையைச் செதுக்கினேன். அது காய்ந்ததும் ஓரம் அரிவாள்போல ஆயிற்று. துணி சுற்றிப் பார்த்தேன். வியர்வையில் ஊறி, மூன்றாம் நாள் அதிலிருந்து ஊறுகாய் வாசம் வந்தது.

மற்றவர்கள் கருத்தைக் கேட்பதுதான் ஆராய்ச்சி முறை என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அய்யாவிடம் கொடுத்தேன். மண்வெட்டி பிடித்துப் பிடித்து மரமான கை அது. மூங்கிலைப் பிடித்து “நல்லாத்தான இருக்கு” என்றார். மட்டையைப் பிடித்தும் “நல்லாத்தான இருக்கு” என்றார். நெருஞ்சி முள்ளைக் கொடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, சுருளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, நாலடி நடந்து பார்த்து, “ஒண்ணும் வலிக்கலையேத்தா” என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. (அதை இன்றும் நல்ல யோசனை என்றே சொல்வேன்.) கைக்கு ஏற்ற பிடி வேண்டுமானால் கையின் அச்சை எடுக்க வேண்டும். அன்று காலை கேப்பைக் களி கிண்டியிருந்தது. ஒரு உருண்டையை எடுத்து, சூடு ஆறும்போது முஷ்டிக்குள் வைத்து அமுக்கினேன். கையை விரித்தால், நடுவில் பருத்து, இரண்டு ஓரமும் மெலிந்து, அடியில் நாலு விரலுக்கும் நாலு பள்ளத்தோடு ஓர் அருமையான வடிவம். அதைக் காயட்டும் என்று கூரை ஓரத்தில் வைத்துவிட்டு அடிக்கோலும் தாளும் எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அய்யா அதைக் கீரைக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டார்.

“என்னாத்தா, ஒரு உருண்டை மட்டும் தனியா இருந்துச்சு, எனக்குத்தான் வச்சிருக்கன்னு நெனச்சேன்.”

இரண்டாவது மாதிரியை இலையில் பொதிந்து, இடுப்பில் வைத்துக் காத்து, தேனி சந்தைக்குப் பக்கத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்த ஆசாரியிடம் கொண்டுபோனேன். உள்ளூர்த் தச்சரிடம் கொடுத்தால் ஏர்க்கலப்பை மாதிரி செய்துவிடுவார் என்று பயம். ஆசாரி இலையைப் பிரித்துப் பார்த்தார்.

“கொழம்பு கொண்டாரலையாத்தா?” என்றார்.

நான் சிரிக்கவில்லை. பயிற்சி முடித்தவர்கள் கடைவீதியில் சிரிக்கக் கூடாது. தாளை விரித்து விளக்கினேன். எட்டு அங்குல நீளம். இரண்டு நுனியிலும் வார் நுழையத் துளை. வார் நழுவாமலிருக்க நுனியில் குமிழ். நடுவில் பருமன். அடியில் விரல் பள்ளங்கள். வியர்வை ஊறாமலிருக்க அரக்குப் பூச்சு. அரக்கு சிவப்பும் பச்சையும் மாறி மாறி வளையமாக வரட்டும், பார்க்கக் கம்பீரமாக இருக்கும்.

ஆசாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தாயி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கப்படாது. இது வேற ஒண்ணு மாதிரியில்ல வருது…”

“எது மாதிரியும் வராது. இது புதிது. இதுவரை யாரும் செய்ததில்லை.”

“இல்லத்தா, எங்க தாத்தன் காலத்துல இருந்து…”

“ஆசாரியாரே, நான் மதுரையில் படித்தவள்.”

அதற்குமேல் ஒரு மனிதர் என்ன சொல்வார்? தாளை மடித்து வைத்துக்கொண்டார். வேலை முடியும் சமயம் போனபோது மட்டும், “மொட்டைக் குமிழு பாக்க நல்லா இல்ல. நுனிக்கொரு கிளி வைக்கட்டுமா? நான் வழக்கமா வைக்கிறதுதான்” என்றார். எனக்குத் துரைசானியம்மாளின் வாத்துத் தலைக் குடை ஞாபகம் வந்தது. கிளிக்குச் சம்மதித்தேன். அவர் என்ன காரியத்துக்கு வழக்கமாகக் கிளி வைக்கிறார் என்று நான் கேட்கவில்லை. படித்தவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், பரீட்சைத் தாளில் தவிர.

இந்த இடத்தில் என் தரப்பில் ஒரே ஒரு வாதம் உண்டு. எங்கள் வீட்டில் தொட்டில் என்றால் அம்மாவின் பழைய சேலை. துணி ஒட்டிக்கொள்ளாமலிருக்க நடுவில் செருகுவது ஒடிந்த உலக்கைத் துண்டு. வசதியான வீடுகளில் அந்த இடத்தில் அரக்கு பூசி, கடைந்து, நுனியில் கிளி வைத்த கட்டை ஒன்று போடுவார்கள் என்பதும், கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த தொட்டில் கட்டை அதுதான் என்பதும் எனக்கு மட்டும் தெரியாது. விடுதியில் எங்களுக்கு இங்கிலாந்தின் ஆறுகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். தொட்டிலைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கென்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. முறையை விட்டால் பயிர் போச்சு. அய்யா என்னைத் தேனியில் கம்பம் தாண்டிப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஓட்டமாகத் திரும்பினார். “துணைக்கு யாரும் வேண்டாம்” என்று நானும் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். படுக்கைச் சுருள் வண்டித் தூசி படாமலிருக்க, அம்மா தன் பழைய சிவப்புச் சேலையை அதன்மேல் சுற்றியிருந்தாள். ஒரு ஓரத்தில் வெள்ளை உறை போட்ட தலையணை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அதை உள்ளே தள்ள நேரமில்லை.

சாமானை மேலே போடக் கண்டக்டர் கை நீட்டினார். நான் கொடுப்பேனா? மூன்று மாத உழைப்பு. உள்ளே, கூரைக்குக் கீழே லாந்தர் மாட்டும் கொக்கி ஒன்று இருந்தது. கைப்பிடியை அதில் மாட்டினேன். அச்சாகப் பொருந்தியது. பஸ் கிளம்பியதும் சிவப்புச் சேலை சுற்றிய சுருள், இரண்டு கிளிகளுக்குக் கீழே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆட ஆரம்பித்தது.

பஸ்ஸில் பேச்சு அடங்கியது.

இரைச்சலாகப் புகையிலை விலை பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் கிசுகிசுப்புக்கு இறங்கினார்கள். ஒருவர் பீடியை அணைத்தார். கண்டக்டர் டிரைவரிடம் போய் ஏதோ சொல்ல, வண்டி பள்ளம் பார்த்து ஏறி இறங்கிற்று. ஜன்னலோரத்தில் இருந்த பெரியவர் எழுந்து, “நீ இங்கன வந்து காத்தோட்டமா உக்காருத்தா” என்றார். நான் உட்கார்ந்தேன். படித்த பெண் ஒருத்தி ஏறியதும் ஒரு பஸ்ஸே எப்படித் திருந்திவிடுகிறது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் கல்வியைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று சின்னமனூர் தாண்டும்போது மனத்தில் முதல் வரிகூட அமைத்துவிட்டேன்.

பக்கத்தில் ஒரு பூண்டுக்காரம்மாள் உட்கார்ந்திருந்தார். வடுகபட்டியிலிருந்து மூட்டையோடு வந்தவர். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது. சுருளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் என் பக்கம் குனிந்தார்.

“எத்தன மாசமாச்சு தாயி?”

கைப்பிடியைத்தான் கேட்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கண் கிளிகள்மேல்தான் இருந்தது. “மூன்று மாதம்” என்றேன்.

“மூணு மாசத்துல இப்பிடி வெளியூருக்கா? கூட ஆம்பள யாரும் வரலையா?”

“தேவையில்லை. நான் தனியாகவே பார்த்துக்கொள்வேன். வேலைக்குப் போகிறேன், பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு.”

பேச்சியம்மாள் என் கழுத்தைப் பார்த்தார். அங்கே தாலி இல்லை. என் காலைப் பார்த்தார். அங்கே மெட்டி இல்லை. பிறகு ஒரு பெருமூச்சோடு மூட்டைக்குள் கை விட்டு, இரண்டு கைப்பிடி பூண்டை அள்ளி என் மடியில் போட்டார். “நல்லெண்ணெயில வதக்கித் தின்னு. எதப் பத்தியும் ரோசனை பண்ணாத. ஒடம்பத் தேத்து.”

ஆசிரியைகளுக்குத் தொண்டை கட்டும். அதற்குத்தான் பூண்டு என்று எடுத்துக்கொண்டேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுப்பது அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. இங்கிலாந்தின் ஆறுகளில் அதுவும் வரவில்லை.

பேச்சியம்மாள் போகும் ஊரும் நான் போகும் ஊரேதான். அதைவிட மோசம், போகும் வீடும் ஒன்றேதான். கமிட்டித் தலைவர் பெரிய ஏலக்காய் வியாபாரி. அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆகியிருந்தது. பேச்சியம்மாள் கொண்டுபோனது அந்த வீட்டுப் பத்தியத்துக்கான பூண்டு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் சேலை மடிப்பைச் சரி செய்தேன், முகம் துடைத்தேன், பவுடர் போட்டேன். அதற்குள் அவர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்குச் சந்தில் போய்ப் பின்வாசல் வழியாகச் சேர்ந்துவிட்டார். தலையில் சுமப்பவர்கள் வேகமாக நடப்பார்கள் என்பதை நான் ஆராய்ச்சியில் சேர்த்திருக்கவில்லை.

நான் கடைவீதியில் சுருளை வீசிக்கொண்டு நடந்தேன். கைப்பிடி சுகமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோடு விழவில்லை. உருளவில்லை. முழங்காலை உதைக்கவில்லை. மகிழ்ச்சியில் கொஞ்சம் அதிகமாகவே வீசினேன். பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள். இன்னொருத்தி என் சுருளைப் பார்த்து “ச்சு, ச்சு, ச்சு” என்றாள். கோழியைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து விலகி வழிவிட்டேன்.

தலைவர் வீட்டுக் கூடத்தில் கமிட்டியார் மூன்று பேரும் இருந்தார்கள். நடுவில் தலைவர். வலது பக்கம் மளிகைக்கடைக்காரர். தன் மருமகனுக்கு அந்த வேலையை வாங்கிவிட வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர். இடது பக்கம் ஒரு பெரியவர். அவர் யார் எதைச் சொன்னாலும் “அதானே” என்பார். உள்கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் ஏராளமாகக் கேட்டது. பள்ளிக்கூட விஷயத்தில் இந்த ஊர்ப் பெண்களுக்கு இத்தனை ஆர்வமா என்று மகிழ்ந்தேன். வணக்கம் சொல்லக் கை வேண்டுமே. சுருளைக் கீழே விட்டேன். புத்தகங்கள் அடியில் இருந்ததால் “தொம்” என்று விழுந்தது.

“அடியே!” என்று உள்ளிருந்து ஒரு குரல்.

தலைவர் கையை உயர்த்தி அடக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “ஊட்டுக்காரவுக என்ன பண்றாக?”

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. விண்ணப்பத்தில் எழுதியிருந்தேனே.”

“அதான் நாங்களும் படிச்சோம்” என்றார் மளிகைக்கடைக்காரர். அவர் முகத்தில் மருமகனுக்கு வேலை கிடைத்த ஒளி. “அப்ப இது?”

“இதுவா? இது முழுக்க முழுக்க என்னுடைய முயற்சி” என்றேன். கடைசியில் ஒரு மனிதர் கேட்டாரே என்ற பூரிப்பு.

அதற்கு மேல் உள்கதவு பொறுக்கவில்லை. தலைவர் வீட்டம்மாள் புயல்போல வந்தார். “ஆம்பளைக விசாரணை அப்பறம் வச்சுக்கங்க. பச்சமண்ணு மூச்சு முட்டிச் செத்துறப் போகுது!” என்று தரையில் உட்கார்ந்து, சுருளை மடியில் போட்டு, வாரை அவிழ்த்தார். பின்னாலேயே பேச்சியம்மாள். அவருக்குப் பின்னால் தெருவில் பாதி.

“இது படுக்கை…” என்று நான் ஆரம்பிப்பதற்குள் அது கூடம் முழுக்க உருண்டு விரிந்தது. கோரைப்பாய். தலையணை. இரண்டு சேலை. நாலு ரவிக்கை, அதில் ஒன்று மளிகைக்கடைக்காரரின் பாதம்வரை போய் நின்றது. பூகோளப் புத்தகம். பற்பொடி. கடைசியாக, அம்மா எனக்குத் தெரியாமல் தலையணைக்குள் வைத்து அனுப்பிய துணிப் பொட்டலம் ஒன்று அவிழ்ந்து, கால்படி நெத்திலிக் கருவாடு வெள்ளிபோல மின்னிக்கொண்டு சிதறியது.

அது முட்டை என்ற சொல்லைக்கூடத் தெருவில் விட்டுவிட்டு உள்ளே வரும் வீடு.

வீட்டம்மாள் விரித்த பாயைத் தூக்கி உதறிப் பார்த்தார். பிறகு தலையணையைக் கையில் எடுத்து, அது தலையணைதான் என்று தெரிந்தும், மனசு கேட்காமல் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

“புள்ள எங்க?” என்றார் பேச்சியம்மாள், ஏமாற்றத்தோடு.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வார், மூங்கில், தென்னை மட்டை, களி உருண்டை எல்லாம். நின்ற இடத்திலேயே பாதி பாடம் நடத்திவிட்டேன். சொல்லச் சொல்ல, ஒவ்வொரு முகமாகச் சுருங்கி, வாயைப் பொத்தி, தோள் குலுங்க ஆரம்பித்தது. தலைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மளிகைக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ரவிக்கையிலிருந்து காலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். தொட்டில் கட்டையப் பாத்துத் தொட்டில் கட்டைன்னு தெரியாதவுக, நம்ம பொண்ணுகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறாக?”

“அதானே” என்றார் பெரியவர்.

அந்த நிமிஷம் என் கண் முன்னால் ஒரு மாடு வந்து நின்றது. அதன் பின்னால் மாமன் மகன். கேள்வி நியாயமானது என்பதுதான் கொடுமை. இருந்தாலும் படித்த வாய் சும்மா இருக்குமா? “இது தொட்டில் கட்டை அல்ல. தொட்டில் கட்டையில் விரல் பள்ளம் இருக்குமா? நீங்களே பிடித்துப் பாருங்கள்” என்று நீட்டினேன். என் கைக்கு எடுத்த அச்சு. மூட்டை தூக்கிய அவர் கை அதில் எப்படி அடங்கும்? இரண்டு விரல் உள்ளேயும் இரண்டு விரல் வெளியேயுமாகப் பிடித்து, “நண்டு கடிச்ச மாதிரி இருக்கு” என்றார்.

வீட்டம்மாள் அதை வெடுக்கென்று வாங்கினார். சின்னக் கை. நாலு விரலும் நாலு பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. தொட்டிலை இழுத்து விடுவதுபோல முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டிப் பார்த்தார். இன்னும் நாலு தடவை ஆட்டினார்.

“ஏங்க, கைக்கு மெத்துன்னு இருக்குங்க” என்றார் தலைவரிடம். “வெள்ளிக்கிழமை பிள்ளையத் தொட்டில்ல போடணும். கட்டைக்கு எங்க போறதுன்னு நேத்துத்தான பேசிக்கிட்டிருந்தோம். தானா வீடு தேடி வந்திருக்கு. தொட்டில் கட்டை கொண்டு வாசலேறுன பொண்ண மூஞ்சி வாட அனுப்புனா, பிள்ளைக்கு ஆகுமா? நீங்க என்ன சட்டம் வேணாப் பேசுங்க. எனக்குப் பேரன்தான் பெருசு.”

“அதானே” என்றார் பெரியவர்.

தலைவர் மளிகைக்கடைக்காரரைப் பார்த்தார். மளிகைக்கடைக்காரர் கூரையைப் பார்த்தார். பேரப்பிள்ளைக்கு எதிராக எந்தக் கமிட்டியும் தீர்மானம் போட முடியாது. “சரி. அந்தக் கருவாட்டை மொதல்ல வெளிய கொண்டுபோகச் சொல்லுங்க” என்று மட்டும் மளிகைக்கடைக்காரர் சொன்னார்.

“கட்டைய வச்சிட்டு, நாளைக்கே வந்து வேலையில சேந்துக்கத்தா” என்றார் தலைவர்.

எந்தப் புத்தியுள்ள பெண்ணும் இந்த இடத்தில் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டாள். நான் யோசித்தேன். என் கண்டுபிடிப்பைத் தொட்டில் கட்டையாகக் கொடுத்துவிட்டுத்தான் வேலையா? தன்மானம் என்ன ஆவது? நல்லவேளையாக, நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் பின்னாலிருந்து என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினார். “ஆகட்டும்” என்று அலறிவிட்டேன். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

கைப்பிடி போன பிறகு வார்களால் என்ன பயன்? படுக்கையைச் சணல் கயிற்றில் கட்டி, எனக்குப் பார்த்து வைத்திருந்த அறைவரை, கடைவீதி வழியாகத் தலையில் தூக்கிக்கொண்டு போனேன். கருவாட்டுப் பொட்டலம் ஒரு கையில், பூண்டு ஒரு கையில். கழுத்து வலிக்கவில்லை என்பதை வீட்டில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. அந்தக் கட்டையின் கீழே முதலில் தூங்கிய பிள்ளையை எதிர்த் தெருவிலுள்ள ஆண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். பள்ளம் வைத்த பிடி கைக்கு வலிக்கவில்லை என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, தேனி ஆசாரி இப்போது அப்படித்தான் கடைகிறார். பட்டறை வாசலில் அது ‘வாத்தியாரம்மா கட்டை’. என் பெயரை அவர் எங்கும் சொல்வதில்லை. ஆனால் யாராவது அது யார் என்று கேட்டால், களி உருண்டை கதையை மட்டும் தவறாமல் சொல்கிறாராம். நான் கைப்பிள்ளையோடு வேலைக்குப் போய்விட்டேன் என்ற செய்தி எங்கள் மாமன் வீட்டுக்கு இரண்டே நாளில் எட்டியது. மறுப்புச் செய்தி போய்ச் சேர ஆறு மாதம் ஆனது. அதற்குள் மாமன் மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, மாட்டையும் மனைவியையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சந்தோஷமாக இருக்கிறார்.

உலகத்திலேயே நான் ஒருத்திதான் சாமான் தூக்க ஒரு கைப்பிடி செய்து, அதைக் கொண்டு ஒரே ஒரு தடவை சாமான் தூக்கியவள். எங்கள் வீட்டார் இதை மறப்பார்கள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு எங்கள் வீட்டாரைத் தெரியாது. விடுமுறை முடிந்து படுக்கைச் சுருளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், அய்யா மாட்டுக் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னாத்தா, பேரன் முழிச்சுக்கிட்டானா?” என்பார். அம்மா வாசல்வரை வந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி, “பிள்ளைய வெயில்ல காட்டாத, மேல துணியப் போட்டுக்கத்தா” என்பாள்.

நான் பயிற்சி பெற்ற ஆசிரியை. இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை. தெருமுனை திரும்பும்வரை நிமிர்ந்து நடப்பேன். திரும்பியதும் முந்தானையை எடுத்துச் சுருளின்மேல் போட்டுக்கொள்வேன். எங்கள் பக்கத்து வெயில் அப்படி.